உச்சிப்பிள்ளையாரை மறைச்சது யாரு?

ஒரு சின்ன டெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்! உங்க வீட்டு மொட்டைமாடியில ஏறி நின்னா என்னென்ன தெரியும்? தண்ணி டேங்க், டிஷ் ஆன்டெனா, எதிர்வீட்டுத் துணிக்கொடி... அவ்வளவுதானா? இதைப் படிச்சு முடிச்சதும் ஒருதடவை மேல போய்ப் பார்த்துட்டு வாங்க. ஏன்னு கடைசியில சொல்றேன்.

நான் சிவில் இன்ஜினீயரிங், மூணாவது வருஷம். சொந்த ஊர் திருச்சி உறையூர். உயரமான கட்டடம்னா எனக்கு உயிர். பசங்க கிரிக்கெட் ஸ்கோர் சொல்ற மாதிரி நான் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், ஷாங்காய் டவர் 632 மீட்டர்னு ஒப்பிப்பேன். அதனால செமினாருக்கு டாபிக் கேட்டப்ப யோசிக்கவே இல்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிற 'லக்தா சென்டர்'! கேஸ் கம்பெனியான காஸ்ப்ரோம் கட்டியது. 462 மீட்டர், 87 மாடி. ஐரோப்பாவிலேயே உயரமான கட்டடம். 2015-ல் அதன் அடித்தளத்துக்கு 49 மணி நேரம் நிறுத்தாமல் 19,624 கன மீட்டர் கான்கிரீட் கொட்டி கின்னஸ் சாதனையே செய்தார்கள். எங்க ஹாஸ்டல்ல தொடர்ந்து 49 நிமிஷம் தண்ணி வந்தாலே சாதனை!

ஸ்லைடு எல்லாம் பளபளன்னு போட்டு முடிச்சேன். கைதட்டல். அப்பதான் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு பெரிய டவரை ஏன்பா நகரத்தை விட்டுத் தள்ளி, கடலோரத்துல கொண்டுபோய்க் கட்டினாங்க?"

"நிலம் சீப்பா கிடைச்சிருக்கும் சார்!"

கிளாஸே சிரிச்சது. சார் சிரிக்கலை. "அடுத்த வாரம் பதிலோட வா. அப்புறம்தான் மார்க்."

தேடிப் பார்த்தால்... லக்தா அந்த டவரோட ரெண்டாவது அட்ரஸ்!

முதலில் திட்டமிட்ட இடம், நகரத்துக்குள்ளேயே நேவா ஆற்றங்கரை. ஓக்தா என்கிற சின்ன ஆறு நேவாவில் வந்து கலக்கிற இடம். 2006-ல் அறிவித்தார்கள். உயரம் சுமார் 400 மீட்டர். நம்ம மலைக்கோட்டை 83 மீட்டர். ஒண்ணு மேல ஒண்ணா கிட்டத்தட்ட அஞ்சு மலைக்கோட்டையை அடுக்கிப் பாருங்க!

ஆனா அந்த ஊர் வேற மாதிரி ஊர். தனியார் வீடுகள் ஜாரின் குளிர்கால அரண்மனையை விட உயரமாக இருக்கக் கூடாது என்று 1844-லேயே உத்தரவு போட்ட ஊர். அதனால நகரமே தாழ்வா, ஆறும் வானமும் பெரிசா இருக்கும். நடுவில் சில கோபுரங்கள் மட்டும் எழும்பும். அதில் முக்கியமான பீட்டர்-பால் தேவாலயத்தின் கூர்முனையே 122.5 மீட்டர்தான். நகரின் பழைய மையப்பகுதியை 1990-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கேதான், ஆற்றுக்கு அக்கரையில் ஸ்மோல்னி தேவாலயம் நிற்க, இக்கரையில் இந்த டவர் வரணும்.

ஊர் ரெண்டாச்சு. "வேலை கிடைக்கும், வரி வரும், ஊர் என்ன மியூசியமா? ஈஃபில் டவரைக்கூட முதல்ல எதிர்க்கத்தானே செஞ்சாங்க"ன்னு ஒரு பக்கம். உண்மையைச் சொல்லணும்னா, நானும் அந்தப் பக்கம்தான் இருந்திருப்பேன். "இந்த வானம் எங்களுடையது"ன்னு இன்னொரு பக்கம். டிசைன் போட்டிக்கு நடுவர்களாக வந்த நார்மன் ஃபாஸ்டர் உள்ளிட்ட மூன்று பிரபல கட்டடக் கலைஞர்களே விலகிக்கொண்டார்கள். யுனெஸ்கோ எச்சரித்தது. தோண்டிய இடத்தில் பழைய ஸ்வீடன் கோட்டையின் மிச்சங்கள் கிடைத்தன. 2009-ல் உயர வரம்பைத் தாண்ட நகர நிர்வாகம் சிறப்பு அனுமதி தந்ததும், ஆயிரக்கணக்கான பேர் தெருவில் இறங்கினார்கள்.

கடைசியில் 2010 டிசம்பரில் டவரை இடம் மாற்ற முடிவானது. மையத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி, பின்லாந்து வளைகுடாக் கரையில் லக்தா.

எல்லாம் சரி, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. கட்டடம் யார் வீட்டையும் இடிக்கலை, யார் தலையிலும் விழலை. பார்வையில படுதுங்கிறதுக்காகவா இவ்வளவு சண்டை?

லீவுக்கு ஊருக்குப் போனேன். மொட்டைமாடியில நின்னு இதையே யோசிச்சிட்டிருந்தேன். எதிரே அந்த அஞ்சு மாடி அபார்ட்மென்ட். நான் ஏழாவது படிக்கிறப்ப கட்டினது. சென்ட்ரிங், கம்பி கட்டுறது, கான்கிரீட் போடுறதுன்னு தினமும் ஸ்கூல் விட்டு வந்து வேடிக்கை பார்ப்பேன். நான் சிவில் எடுத்ததே அந்தக் கட்டடத்தாலதான்.

அப்பதான் பொறி தட்டிச்சு. அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்தது? மலைக்கோட்டை! எங்க அப்பாயி தினமும் விடியக்காலையில குளிச்சிட்டு மாடிக்கு வந்து, துளசிக்குத் தண்ணி ஊத்திட்டு, மலை பக்கமா திரும்பி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிடும். இப்ப துளசித் தொட்டி கீழ வாசல்ல இருக்கு. முட்டிவலியால மாடி ஏறுறதில்லைன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்.

கீழ போய்க் கேட்டேன். "அப்பாயி, நீ ஏன் இப்பல்லாம் மாடிக்கு வர்றதில்லை?"

"வந்து என்னய்யா பண்ண? செவுத்தையா கும்பிட?"

"பிள்ளையார் தெரியலைன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"யாருக்கிட்ட சொல்றது? அவரு அங்கனதான் இருக்காரு. எனக்குத்தான் தெரியல."

கோபமா சொல்லலை ஃப்ரெண்ட்ஸ். சாதாரணமா, கீரை ஆய்ஞ்சிக்கிட்டே சொல்லுச்சு. எனக்குத்தான் தொண்டையில என்னமோ அடைச்சது. பக்கத்துலயே இருந்தேன், ஒருதடவைகூட கேட்கலையே!

அடுத்த வாரம் சாருக்குப் பதில் சொன்னேன். "டவரை யாரும் வேண்டாங்கலை சார். அந்த இடத்துலதான் வேண்டான்னாங்க. தள்ளி வச்சதால டவரும் குட்டையாகலை, முதல்ல போட்டதைவிட உசரமாத்தான் வளர்ந்தது. இப்பவும் ஊருக்குள்ள இருந்து தெரியுதுன்னு குறைப்படுறவங்க உண்டு. ஆனா ஸ்மோல்னிக்கு எதிர்ல இருந்த வானம் அப்படியே இருக்கு." அப்பாயி கதையையும் சொன்னேன். இந்தத் தடவை கிளாஸ் சிரிக்கலை. மார்க்? பத்துக்கு எட்டு!

போன ஞாயித்துக்கிழமை அப்பாயியை ஸ்கூட்டியில உட்கார வச்சு காவிரிப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆத்துக்கு அந்தப்பக்கம், மறைக்க எதுவும் இல்லாம, மலைக்கோட்டை முழுசா! அப்பாயி செருப்பைக் கழட்டி வச்சிட்டு ரொம்ப நேரம் கும்பிட்டுச்சு. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சதுகூட அதுக்குக் கேட்கலை.

நான் இன்னமும் டவர் கட்டத்தான் ஆசைப்படறேன். ஆனா இனிமே பிளானை விரிக்கும்போது, எதிர்வீட்டு மாடியில யார் நிக்கிறாங்கன்னும் பார்ப்பேன்.

சரி, இப்ப நீங்க மாடிக்குப் போங்க. என்ன தெரியுதுன்னு மட்டும் பார்க்காதீங்க. முன்னாடி என்ன தெரிஞ்சதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க!