பின்வரிசை ஆசனம்



பேர்ண் பாராளுமன்றச் சதுக்கத்தைக் கடந்தபோது மனத்தில் எழுந்த சிந்தனை இது.

1970இல் உடுப்பியில் பிறந்து, சுவிஸ் தம்பதியரின் சுவீகார புத்திரனாக வளர்ந்து, 2017 முதல் சூரிச் மாநிலத்தின் பிரதிநிதியாகச் சுவிஸ் பாராளுமன்றத்தின் தேசிய சபையில் அமர்ந்திருப்பவர் நிக் குகர்.

200 அங்கத்தினர் கொண்ட அச்சபையில், 2023 தேர்தலில் அவருடைய சுவிசேஷ மக்கள் கட்சி பெற்றவை இரண்டே ஆசனங்கள்.

ஆயினும், மந்திரி பதவியோ பெரும்பான்மைப் பலமோ இல்லாத பின்வரிசை அங்கத்தினர் ஒருவர், அந்நிய நாட்டு உறவாயினும், தேசப் பாதுகாப்பாயினும், தம் ஊர் ரயில் பாதையாயினும், முறைப்படி எழுத்து மூலம் வினவினால், சமஷ்டி அரசாங்கம் விடையளித்தே தீரவேண்டும் என்னும் நியதி இங்கே ஜீவனுடன் இருக்கிறது.

2020 செப்டம்பர் 27 அன்று, புதிய போர் விமானக் கொள்வனவை மக்கள் 50.1 சதவீத வாக்குகளால் மட்டுமே அங்கீகரித்தார்கள் என்பதையும் சிந்தியுங்கள். ராணுவ விஷயத்திலும் இறுதி அதிகாரம் பிரஜைகளிடமே இருந்தது.

இலங்கையில் உரிமைக்காக ஏங்கிய நம் தமிழ்ச் சமூகத்திற்கு இந்த அதிகாரத்தின் அருமையை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

சுவிஸ் பிரஜாவுரிமை பெற்ற நம் பிள்ளைகளே, வாக்குச்சீட்டு உறையைப் பிரிக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்தப் பின்வரிசையில், நம்மில் ஒருவர் என்று அமரப்போகிறார்?