மெலிந்த மேனி நலமான மேனியா?

எங்கள் பத்தாம் வகுப்பில் மிகவும் மெலிந்தவள் எங்கள் தோழி ஒருத்தி. பெயரைப் போட வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். "காற்றடித்தால் பறந்து போவாயடி!" என்று நாங்கள் கேலி செய்வோம். உள்ளூர எங்களுக்கெல்லாம் பொறாமை. அவளைப் போல் ஆகவேண்டும் என்று எங்களில் ஐந்தாறு பேர் காலை இட்டலியை விட்டுவிட்டோம். "பசிக்கவில்லை அம்மா" என்று வீட்டில் சொல்லிவிட்டு, துப்பட்டாவால் இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டுப் பார்ப்போம். சிஸ்டர் இதைப் படிப்பார்களே என்று தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நடந்ததை மறைத்துக் கட்டுரை எழுதுவது எப்படி?

பிளவக்கல் அணைக்குச் சுற்றுலா போனபோது எல்லோரும் கரைமேல் ஏறிவிட்டோம். அவள் மட்டும் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது என்றாள். சோம்பேறி என்றோம். வகுப்பில் சாக்பீஸ் துண்டைக் கடிப்பாள். பையில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி வைத்து மென்றுகொண்டிருப்பாள். நெல் விளைகிற வத்திராயிருப்பில் பச்சரிசி மெல்லாத பிள்ளை உண்டா என்று நாங்கள் அதையும் பெரிதாக எண்ணவில்லை.

ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், கண்முன்னே அப்படியே சாய்ந்து விழுந்தாள்.

அந்த வாரமே நர்ஸ் அக்கா பள்ளிக்கு வந்து எல்லோருடைய விரலிலும் ஊசி குத்தி இரத்தம் சோதித்தார்கள். எங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமாவது இருக்கவேண்டுமாம். அவளுக்கு 7.6. உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதைவிட எங்களைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 12-க்குக் கீழேதான் இருந்தது. "பூசணிக்காய்" என்று நாங்கள் பட்டம் சூட்டியிருந்தவளுக்கும் குறைவு! கண்ணாடியில் தெரியும் உருவம் வேறு, இரத்தத்தின் கணக்கு வேறு என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. எங்கள் வகுப்பு ஒன்றும் அதிசய வகுப்பு அல்ல.

ஏன் இப்படி என்று நர்ஸ் அக்கா விளக்கினார்கள். மாதந்தோறும் பெண்களுக்கு ஏற்படும் இரத்த இழப்பு ஒன்று. வெறுங்காலோடு வயல் வரப்பில் நடக்கையில் பாதத்தின் வழியே நுழைந்து, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இன்னொன்று. சோறுண்டவுடன் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மண்ணையும் சாக்பீசையும் பச்சரிசியையும் தேடித் தின்பதே பலருக்கு இரத்தசோகையின் அடையாளமாம். பச்சரிசி என்றதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறோம். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை, குமட்டுகிறது என்று வேப்பமரத்தின் பின்னால் எறிந்தவர்கள் நாங்கள்தாம்.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது எங்களில் ஒருத்தியின் அப்பா சிரித்தார்: "எனக்கென்ன, தொந்தியா தொப்பையா?" மூங்கில் குச்சி போன்றவர், ஒருநாளும் மருத்துவரிடம் போனதில்லை. மகளின் பிடிவாதத்துக்காகச் சோதித்துக்கொண்டார். சர்க்கரை நோய் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் சோதித்தார்கள். அதே முடிவுதான்.

இதற்கும் விளக்கம் உண்டு என்று அறிவியல் டீச்சர் ஒரு படத்தைக் காட்டினார். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த படம் அது. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு இலண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! நம் நாட்டவர் பலருக்குத் தசை குறைவு. கொழுப்போ வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படிந்திருக்கும். தராசுக்கு இது தெரியாது. சட்டைக்கும் தெரியாது. அந்த அப்பா இப்போது மாலைதோறும் கண்மாய்க் கரையில் நடக்கிறார். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை என்பது வீட்டு இரகசியம்.

நாங்கள் காலை இட்டலிக்குத் திரும்பினோம். வெறும் வயிற்றில் போட்டதால்தான் குமட்டியது என்பதையும் தெரிந்துகொண்டோம். மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் ஒன்றும் செய்வதில்லை. மதியம் முருங்கைக்கீரை யார் டப்பாவில் இருக்கிறதோ அவளைச் சுற்றி இப்போது கூட்டம்.

எங்கள் தோழி தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள்; பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது 10.9. இன்னும் 12 ஆகவில்லை. எடையோ ஒன்றரைக் கிலோதான் கூடியிருக்கிறது. இப்போதும் வகுப்பில் மிக மெலிந்தவள் அவளே. ஆனால் பை நிறையப் பச்சரிசி கொண்டுவருவதில்லை. சென்ற மாதம் மீண்டும் பிளவக்கல் போனோம். எங்களுக்கு முன்னே கரைமேல் ஏறி நின்றுகொண்டு, "என்னடி, மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டாள்.