நான் ஒப்பித்த இசை

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. தலைப்பு 'தமிழிசையின் தொன்மை'. ஆசிரியை எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து ஒப்பித்தேன். உலகிலேயே மூத்த இசை நம்முடையது என்று முடித்தபோது மண்டபமே கைதட்டியது.

சென்ற பருவத்தில் இந்தக் கதையை விடுதி அறைத்தோழனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சீன நண்பன், இயற்பியல் மாணவன். "அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு இல்லையே, எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?" என்று மலாயில் கேட்டான். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதுதான் உறுத்தியது.

நூலகத்தில் விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' கிடைத்தது. அடிகளார் இலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்தவர், அறிவியல் பட்டதாரி. வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கொண்டு கணக்குப் போட்டு மீட்க முயன்றிருக்கிறார். நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. மறுமாதமே அவர் மறைந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மாலைக்கு ஒரு பக்கந்தான் நகர்ந்தது. இடைநிலைப்பள்ளியில் வாரம் ஒருமுறை படித்த தமிழ் அதற்குப் போதவில்லை. 'பாலைத்திரிபு' என்ற சொல்லிலேயே மூன்று நாள் நின்றேன்.

கடைசியில் புரிய வைத்தது நண்பனின் கீபோர்டு. வெள்ளைக் கட்டைகளை மட்டும் 'சி'யிலிருந்து வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். அதே கட்டைகளை 'ஜி'யிலிருந்து தொடங்கினால் அரிகாம்போதி. நரம்புகள் மாறவில்லை, குரல், அதாவது ச, இடம் மாறுகிறது, பண்ணும் மாறிவிடுகிறது. இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டேன். இதை அந்த வயதிலேயே யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம்!

ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான். முதற்பாலையான செம்பாலை எது? தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' அதைச் சங்கராபரணம் என்கிறது. விபுலாநந்தரோ அரிகாம்போதி என்கிறார். ஆதாரம் இருவருக்கும் சிலப்பதிகாரமே. ஒரே ஆதாரச் சுருதியில் வைத்துப் பார்த்தால் இரண்டு இராகங்களுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுரம், நிஷாதம். என் பேச்சில் இதெல்லாம் ஏது?

நண்பனிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "நீ எந்தப் பக்கம்?" என்றான். விபுலாநந்தர் பக்கம் என்றேன். கணக்கைச் சரிபார்த்தா சொன்னேன், அவரை முதலில் படித்ததாலா என்று எனக்கே ஐயம். பண்டிதரின் நூலை இந்த விடுமுறைக்கு இரவல் எடுத்திருக்கிறேன். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் இருக்கிறது.