கல்லணைக்கு ஒரு சைக்கிள் பயணம்: 67 கிராமைக் குறைத்தால் என்ன கிடைக்கும்?

விடிகாலை ஐந்தரை மணி. பெரிய கோயில் விமானத்தின் உச்சி இன்னும் இருட்டுக்குள்தான் இருக்கிறது. பூக்கடைகள் திறந்துவிட்டன. டீக்கடையில் பால் கொதிக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகக் கல்லணை வரை சைக்கிளில் போக இதைவிட நல்ல நேரம் கிடையாது. போக மட்டும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் மலை கிடையாது, மேடும் கிடையாது. வழி முழுக்க ஆறும் வயலும்தான்.

இப்போதெல்லாம் இந்தச் சாலையில் மெலிந்த டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட ரோடு பைக்குகளையும் பார்க்க முடிகிறது. டீக்கடையில் நிறுத்தினால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தம்பி, சைக்கிளு எவ்வளவு ஆச்சு?" இரண்டாவது கேள்வி, "பின்னாடி தொங்குதே, அது என்ன?"

அந்தத் தொங்கும் பொருளின் பெயர் ரியர் டீரெய்லர். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கியர் மாற்றி. அதன் கூண்டுக்குள் இரண்டு குட்டிப் புல்லிகள் இருக்கும். மேலே உள்ளது செயினுக்கு வழிகாட்டும். கீழே உள்ளது செயின் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும். டூர் டி பிரான்ஸ் போட்டியில் 1937 வரை இதற்கு அனுமதியே இல்லை. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டித்தான் கியர் மாற்றினார்கள்.

இன்று அந்த டீரெய்லரின் எடையைக் குறைப்பது ஒரு தனி ஆசையாகவே வளர்ந்துவிட்டது. கார்பன் கூண்டு, அலுமினியம் புல்லி, செராமிக் பேரிங், டைட்டானியம் போல்ட் என்று ஆன்லைனில் வரிசைகட்டி நிற்கின்றன. வாங்கி மாட்டினால் டெல்டாவில் என்ன பலன்? அதற்குப் பதில் இந்தச் சாலையிலேயே இருக்கிறது.

ஐந்து பாலங்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். ஊரின் பெயருக்கே இந்த ஐந்தைத்தான் காரணம் சொல்வார்கள். சைக்கிள்காரருக்கு இந்தப் பயணத்தில் ஏற்றம் என்று இருப்பது பாலத்துக்கு ஏறும் அந்தச் சில மீட்டர்கள் மட்டுமே.

கணக்கு இங்கேதான் இடிக்கிறது. ஷிமானோவின் நடுத்தர 105 வரிசையில் ஆர்7000 டீரெய்லரின் எடை சுமார் 225 கிராம். உச்ச வரிசையான டியூரா ஏஸ் ஆர்9100 சுமார் 158 கிராம். வித்தியாசம் 67 கிராம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 750 மில்லி பாட்டிலில் இரண்டு மடக்கு குடித்தாலே 67 கிராம் குறைந்துவிடும்!

எடை குறைவதன் பலன் பெரும்பாலும் மலை ஏறும்போதுதான் தெரியும். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்கள் கிராம் கணக்குப் பார்ப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. சமதரையில் சைக்கிளைப் பின்னுக்கு இழுப்பது எடை இல்லை, காற்று. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும். கல்லணையும் தஞ்சைக்கு மேற்கில்தான் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றை எதிர்த்து மிதிப்பவருக்கு முதுகைத் தாழ்த்தி உட்காருவது தரும் உதவியை எந்த டைட்டானியம் போல்ட்டும் தராது. ஆனால் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும்.

வைக்கோல் வைக்கும் பரீட்சை

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பினால் தில்லைஸ்தானம், கோவிலடி என்று சாலை நீள்கிறது. இடது கையில் காவிரி, வலது பக்கம் சற்றுத் தள்ளிக் கொள்ளிடம். தை, மாசியில் வந்தால் சம்பா, தாளடி அறுவடை நடந்துகொண்டிருக்கும். பல ஊர்களில் தார்ச்சாலைதான் களம். ஒரு பாதியில் நெல் காயும், ஓரத்தில் வைக்கோல் கிடக்கும்.

டீரெய்லருக்கு உண்மையான பரீட்சை இந்த இடத்தில்தான். நீளமான ஒரு வைக்கோல் இழை செயினோடு ஏறினால் புல்லியில் சுற்றிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அழுத்தி மிதித்தால் கூண்டு வளையும். மோசமான நேரமென்றால் டீரெய்லர் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கி, அதைத் தாங்கும் ஹேங்கர் முறிந்துவிடும். பிரேமைக் காப்பாற்றத் தான் முறியும்படி அமைக்கப்பட்ட சின்ன அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும். கிராமத்துச் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டலாம், அறுந்த செயினைக்கூட இணைத்துவிடலாம். அந்த ஹேங்கர் மட்டும் கிடைக்காது. அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கோ மினி லாரிக்கோ காத்திருக்க வேண்டியதுதான்.

இலகு பாகங்களில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. ஷிமானோவின் மேல் புல்லி பக்கவாட்டில் லேசாக அசையும். அது தேய்மானம் இல்லை, கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் கியர் சரியாக விழுவதற்காக வேண்டுமென்றே வைத்த இடைவெளி. வெளியில் வாங்கும் பல அலுமினியப் புல்லிகளில் இந்த அசைவு இருக்காது. அதனால் டியூனிங்கில் சிறு பிசகு இருந்தாலும் கியர் முரண்டு பிடிக்கும், சத்தமும் கூடும். பளபளக்கும் அலுமினியம் எப்போதும் பிளாஸ்டிக்கைவிட எடை குறைவு என்றும் சொல்ல முடியாது. செராமிக் பேரிங்குகள் பலவற்றில் உராய்வைக் குறைக்க மூடியை மெல்லியதாக வைப்பார்கள். நாற்று நடும் காலத்தில் டிராக்டர் சக்கரம் சாலையில் விட்டுப்போகும் வயல் சேற்றுக்கு அந்த மூடி பெரிய தடை இல்லை.

மாட்டியே ஆக வேண்டுமென்றால்...

ஆசை யாரை விட்டது? புல்லி மாற்றச் செயினை அறுக்க வேண்டியதில்லை. செயினைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, கூண்டின் போல்ட்டுகளை ஆலன் கீயால் கழற்றினால் போதும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மேல் புல்லியும் கீழ்ப் புல்லியும் ஒன்றல்ல. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் அவற்றில் இருக்கலாம். திரும்ப மாட்டும்போது கூண்டுக்குள் இருக்கும் சின்னத் தகட்டுக்கு உள்பக்கமாகச் செயின் போகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே போனால் கரகரவென்று உரசும்.

ஷிமானோ சொல்லும் முறுக்கு அளவு புல்லி போல்ட்டுக்கு 2.5 முதல் 5 நியூட்டன் மீட்டர், டீரெய்லரை ஹேங்கரில் பிடிக்கும் போல்ட்டுக்கு 8 முதல் 10. இலகு போல்ட் வாங்கினால் அதைத் தயாரித்தவர் சொல்லும் அளவே சரி. அலுமினிய போல்ட்டின் தலை சீக்கிரம் மழுங்கிவிடும். கடைசியாக, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிச் செயின் கம்பிக்குள் விழாமல் இருக்க 'எல்' ஸ்க்ரூவைச் சரிபார்த்த பிறகே சாலையில் இறங்க வேண்டும்.

இதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தன் மாடலுக்கான உபரி ஹேங்கருக்கும், சங்கிலி எண்ணெய்க்கும், பழைய டூத்பிரஷுக்கும் ஒதுக்குபவர் கல்லணை போய்ப் பத்திரமாகத் திரும்புவார்.

கனம் தாங்கும் அணை

கோவிலடி தாண்டினால் கல்லணை. காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரியும் இடம். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் இந்த அணையைப் பார்த்துத்தான் மணல் படுகையில் அடித்தளம் போடும் வித்தையைக் கற்றார் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன். கனமான கற்களை மணலில் போட்டு, அவை தம் எடையிலேயே அமிழ்ந்து இறுகும்படி விட்டு, அதன்மேல் எழுப்பிய கட்டுமானம் இது. எடையே இங்கே பலம்.

பாலத்தின் ஓரமாகச் சீருடை அணிந்த மாணவிகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. கியர் கிடையாது, டீரெய்லர் கிடையாது. கேரியரில் புத்தகப்பை, சிலருக்குப் பின்னால் தங்கையும். வைக்கோல் கிடக்கும் சாலையில் மணியடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஓரமாக நிறுத்திப் புல்லியில் சிக்கிய வைக்கோலை விரலால் உருவிக்கொண்டிருக்கும் ரோடு பைக்காரரைப் பார்த்து, "அண்ணா, ஹெல்ப் வேணுமா?" என்று கேட்காமல் அவர்கள் போவதில்லை.