பாண் துண்டும் கரித்தூளும்

முன்னேஸ்வரத்தில் கரி என்றால் சிரட்டைக் கரிதான். தென்னந்தோட்டத்து ஓரக் குழியில் சிரட்டையைக் கொட்டிக் கொளுத்துவார்கள். தீ நன்றாகப் பிடித்ததும் காற்றுப் புகாமல் மூடிவிட்டால், சாம்பலாக வேண்டியது கரியாக நின்றுவிடும். படம் வரைகிற கரியும் இதே வித்தைதான். சுடுவது மட்டும் வில்லோ மரக் குச்சியை, அல்லது திராட்சைக் கொடியை. சின்ன வயதில் சிரட்டைக் கரியால் வரைந்து பார்த்திருக்கிறேன். கடினம், தாளைக் கீறிவிடும்.

போன வருடம் ஆவணித் திருவிழா முடிந்த கையோடு அம்மாவை விறாந்தையில் உட்காரவைத்து வரையத் தொடங்கினேன். அழிப்பதற்குப் பாண். நடுப்பகுதியைப் பிசைந்து ஒற்றினால் கரி ஏறிவரும். தாளில் ஒரு சாம்பல் நிழல் மட்டும் தங்கும். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்த அம்மா, "இது நானா? அம்மம்மா மாதிரியெல்லோ இருக்கு" என்றார்.

அன்றிரவு ஓவியர் மாக்தா நாக்மன் நினைவில் வந்தார். 1889-இல் ரஷ்யாவில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் ஜெர்மானிய லூத்தரன். நமக்கு அவர் மருமகள் முறை. பாரதியின் 'இந்தியா' பத்திரிகையில் உழைத்து, பிறகு ஐரோப்பாவெங்கும் அலைந்த சென்னைக்காரர் எம்.பி.டி. ஆச்சாரியாவின் மனைவி. கவிஞர் ஸ்வெதாயெவாவை 1913-இல் வரைந்தவர். 1933-இல் பெர்லினில் எழுத்தாளர் நபக்கோவைப் பாஸ்டலில் வரைந்தார். அதுவும் கரியைப் போல உலர்ந்த தூள்தான். அந்தப் படம் தொலைந்து, அதன் புகைப்படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஹிட்லர் வந்தபின் இருவரும் பெர்லினை விட்டுப் பம்பாய்க்கு வந்தார்கள். அங்கே இந்திய முகங்களையும் நடனக்காரர்களையும் வரைந்துகொண்டே இருந்தார். 1951 பிப்ரவரியில், தன் கண்காட்சி தொடங்கவிருந்த வேளையில் இறந்துபோனார். பாரதியைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரையும் தேடித் தேடி எழுதிய நாம் இந்தப் பெண்ணை ஒரு வரியில்கூட நினைத்துக்கொள்வதில்லை. எனக்கு அது ஆறவேயில்லை.

அதே பெர்லினில் 1931-இல் பிறந்தவர் ஓவியர் ஃபிராங்க் அவர்பாக். 1939-இல், எட்டு வயது நிறையுமுன், பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அவர் வரைந்த கரித் தலைகளை 2024-இல் லண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடம் ஒன்றாகக் காட்சிக்கு வைத்தது. ஒரே முகத்தை மாதக்கணக்கில் வரைவார். வரைந்ததைத் தேய்த்து அழித்துவிட்டு, அந்த நிழலின் மேலேயே அடுத்த தடவை மறுபடி தொடங்குவார். தேய்த்த தேய்ப்பில் தாள் கிழியும். ஒட்டுப் போட்டு அதன்மேல் வரைவார். அந்த ஒட்டுகள் ஆறிய காயம்போல இன்றும் தெரிகின்றன. தன்னைப் போலவே பெர்லினிலிருந்து தப்பி வந்த உறவுக்காரி கெர்டா போமையும் அப்படித்தான் வரைந்தார்.

மறுநாள் பாணைப் பிசைந்தபடி இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கைகளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை தாயை வரைஞ்சதா?"

"முன்னால வந்து இருக்கிறவங்களைத்தான், அம்மா, வரைவார்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.