குழலில் பொறித்த எண்கள்

40/0.65, 160/0.17. கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உலோகக் குழலை, அதாவது மைக்ராஸ்கோப்பின் அப்ஜெக்டிவ் லென்ஸை, சுற்றி இவ்வளவுதான் பொறித்திருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு இதுவே நிறையச் சொல்லும். 40 என்பது பெரிதாக்கும் மடங்கு. 0.65, எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை அந்த லென்ஸ் உள்ளே வாங்கும் என்பதன் அளவு; ஆய்வகத்தில் இதை என்.ஏ. என்போம். 160, எத்தனை மில்லிமீட்டர் நீளமுள்ள குழாய்க்காக அது கணக்கிடப்பட்டது என்பது. 0.17, ஸ்லைடின் மேல் மூடுகிற கவர் ஸ்லிப்பின் தடிமன்.

வாங்க வருகிறவர்கள் முதலில் 40-ஐப் பார்ப்பார்கள். நான் 0.65-ஐப் பார்ப்பேன். எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பது மடங்கைப் பொறுத்ததல்ல, ஒளியின் அலைநீளத்தையும் அந்த என்.ஏ.வையும் பொறுத்தது என்று ஜெர்மனியின் ஏர்ன்ஸ்ட் அப்பே 1873-இலேயே சொல்லிவிட்டார். பச்சை ஒளியில் 0.65-க்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.4 மைக்ரான், எண்ணெய் விட்டுப் பார்க்கும் 1.25-க்கு 0.22 மைக்ரான். அதற்குக் கீழே மடங்கை எவ்வளவு கூட்டினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

சிவகாசி வட்டாரத்தில் மைக்ராஸ்கோப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பட்டாசு என்பது பொடிகளின் தொழில். அலுமினியப் பொடி செதிலாக இருக்கிறதா, உருண்டையாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது எரியும் வேகமே மாறும். கந்தகத்தில் நாலு மணல் துகள் கலந்திருந்தால், இடிக்கும்போதும் சலிக்கும்போதும் உராய்வுக்கு அதுவே காரணமாகிவிடலாம். செய்தித்தாளில் 'மணிமருந்து உராய்வு' என்று ஒரு வரியில் முடிந்துபோகிற விபத்துகளின் ஊர் இது. மூலப்பொருளைச் சோதிக்கிற வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, மருந்து அறைக்குள் ஒரு மூட்டை போவதற்கு முன்னால் அதில் ஒரு சிட்டிகையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது வெறும் ஆசையல்ல. புது போலரைசிங் அப்ஜெக்டிவ் வாங்குகிற செலவைச் சிறிய ஆலைகள் தாங்காது. அதனால்தான் இணையத்தில் விற்பனைக்கு வரும் பழைய லென்ஸ்களைத் தேடிப் போகிறோம்.

இணையத்தில் நமக்குக் கிடைப்பது மங்கலான படமும் அந்தப் பொறிப்பும்தான். பொறிப்பு ஒரு லேபிள். லேபிளைப் பற்றிச் சிவகாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாடு முழுக்கப் போகிற தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இங்கேதான் லேபிள் அச்சாகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி பசுமைப் பட்டாசு முறைகளைத் தந்தது, பெட்டிகளில் கியூ.ஆர். குறியீடு வந்தது. 2021-இல் சி.பி.ஐ. அறிக்கையைப் பார்த்த அதே நீதிமன்றம், பேரியம் விஷயத்திலும் லேபிள் விஷயத்திலும் தன் உத்தரவு மீறப்பட்டிருப்பதாகச் சொன்னது. மேலே அச்சிட்டது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று என்பதால் எத்தனை நேர்மையான ஆலைகளும் சேர்ந்து தலைகுனிய நேர்ந்தது என்பதை நேரில் கண்டவர்கள் நாங்கள்.

ஆனால் எழுத்தைச் சோதிக்கத் தெரிந்தவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஆப்செட் அச்சக அண்ணாச்சி ஒருவர் வாழ்நாள் முழுக்க லூப்பைக் கண்ணில் வைத்துப் புள்ளிகளைப் பார்த்தவர். ஜெர்மனியிலிருந்து வந்த செகண்ட்ஸ் மிஷின்களை, கவுண்டரில் ஓடிய எண்ணை நம்பாமல், கிரிப்பரின் தேய்மானத்தைத் தடவிப் பார்த்து வாங்கியவர். ஒரு முறை தபாலில் வந்த அப்ஜெக்டிவ் ஒன்றை அவரிடம் நீட்டினேன். லென்ஸைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. லூப்பை வைத்துக் குழலை மெல்ல உருட்டினார்.

"தம்பி, இந்தப் பூஜ்யமும் அந்தப் பூஜ்யமும் ஒரே கை இல்ல. ஒண்ணு கீறி மை ரொப்பினது. இன்னொண்ணு சுட்டது."

"சுட்டதுன்னா, அண்ணாச்சி?"

"லேசருங்க. ஓரத்தைப் பாருங்க, கருகியிருக்கு. கீறினதுன்னா உள்ள பள்ளம் தெரியும், பெயின்ட்டு உக்காந்திருக்கும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பழைய ஜெர்மன், ஜப்பான் குழல்களில் எழுத்தைப் பொறியால் கீறி அந்தப் பள்ளத்தில் வண்ணம் நிரப்புவார்கள். 1970-களின் குழல் ஒன்றில் லேசர் எழுத்து இருக்கிறதென்றால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எழுத்துருவும் காட்டிக்கொடுக்கும். எந்தக் கம்பெனியும் ஒரே குழலில் இரண்டு விதமான 4-ஐப் போடுவதில்லை. வரிசை எண்ணுக்கான இடத்தை வழித்துச் சமன் செய்திருந்தால், சாய்வான வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் தனியாக மின்னும். விற்பவரிடம் நான் கேட்கும் படங்களில் இது தவறாமல் இருக்கும்: குழலைச் சுற்றிலும், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படம். தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

பொறிப்பில் வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்ல் ஸைஸ் நிறுவனம் இரண்டாகப் பிளந்தது: கிழக்கே பழைய யேனா, மேற்கே ஓபர்கோகன். ஆகவே 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த ஸைஸ் லென்ஸ் 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைவதற்கு முந்தையது; யேனா என்றிருந்தால் அது வேறு தொழிற்சாலை, வேறு குழல், வேறு துணை லென்ஸ். வெறுமனே 'ஜெர்மனி' என்று மட்டும் எழுதி, கம்பெனிப் பெயரே இல்லாத பளபளப்பான குழல்களை நான் தொடுவதில்லை. லெனின்கிராடின் லோமோ குழல்களில் ரஷ்ய எழுத்து இருக்கும். அவற்றின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஒலிம்பஸின் மைக்ராஸ்கோப் பிரிவு 2022-இல் எவிடென்ட் என்ற தனி நிறுவனமானது. இதெல்லாம் தெரிந்திருந்தால் பெயருக்கும் வயதுக்கும் பொருந்தாத சரக்கு படத்திலேயே பிடிபட்டுவிடும்.

கையில் வந்த பிறகு சாட்சி சொல்ல வேண்டியது வெர்னியர் காலிப்பர். குழலைத் திருகி மாட்டும் மறையின் அளவு, பின்னாளில் ராயல் மைக்ராஸ்கோபிக்கல் சொசைட்டி என்று பெயர்பெற்ற லண்டன் சங்கம் 1858-இல் வகுத்தது, சுமார் 20.3 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 36 புரி. இன்றும் ஏராளமான கருவிகள் அதில்தான் ஓடுகின்றன. மறை பொருந்துகிறது என்பதாலேயே லென்ஸ் பொருந்தியதாக நினைத்துவிடக் கூடாது. குழலின் தோளிலிருந்து பார்க்கும் பொருள் வரை டின் எனும் ஜெர்மன் தர அளவில் 45 மில்லிமீட்டர், பழைய ஜப்பான் அளவில் 36, லோமோவில் 33. 40 மடங்கு லென்ஸ் பொருளுக்கு வெகு அருகே நெருங்குவதால், டின் ரகத்தில் தோள் முதல் நுனி வரை 44-ஐ ஒட்டி வரவேண்டும். பொறிப்பு டின் என்று சொல்லி, காலிப்பர் 35 காட்டினால் காலிப்பரைத்தான் நம்ப வேண்டும். 160 இருக்க வேண்டிய இடத்தில் படுத்த எட்டுப் போல முடிவிலிக் குறி இருந்தால் அது முற்றிலும் வேறு வகைக் கருவிக்கானது. பழைய குழாயில் அதை மாட்டினாலும் படம் வரும். அந்தப் படம் ஒருபோதும் கூர்மையாகாது.

மடங்கைச் சோதிக்கச் சிவகாசியில் ஒரு வசதி இருக்கிறது. முறையாகச் செய்ய ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வேண்டும், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடி. அது இல்லாதவர்கள் பழைய அச்சகம் ஒன்றின் பரணில் கிடக்கும் பாசிட்டிவ் பிலிமைக் கேட்டு வாங்கலாம். தகடு நேரடியாகக் கணினியிலிருந்து வரத் தொடங்கிய பிறகு அவற்றைச் சீந்துவார் இல்லை. 150 ஸ்கிரீன், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை உள்ள பிலிமில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 0.17 மில்லிமீட்டர். ஐபீசின் புல எண் 18 என்றால், 10 மடங்கு லென்ஸில் 1.8 மில்லிமீட்டர் அகலம் தெரியும். வரிசையோடு எண்ணினால் பத்துப் பதினொரு புள்ளி. 40 மடங்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. குழலில் 40 என்று எழுதி ஐந்து புள்ளி தெரிந்தால், 20 மடங்கு லென்ஸுக்கு யாரோ 40-இன் சட்டையை மாட்டிவிட்டார்கள். இது எப்போதும் ஏமாற்று வேலை அல்ல. பல அப்ஜெக்டிவ்களில் எழுத்துள்ள வெளியுறை தனியே கழன்றுவரும். பழுதுபார்க்கும் மேசையில் நாலு குழல் ஒன்றாகத் திறந்து கிடந்தால் உறை மாறிப்போகும். வாங்குபவருக்கு விளைவு என்னவோ ஒன்றுதான்.

கண்ணாடியைப் பார்ப்பது சுலபம். ஐபீசைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் நல்ல லூப். அதைக் கொண்டு முன்லென்ஸில் கீறலையும், பின்பக்கம் டார்ச் அடித்துப் பூசண நூலையும், லென்ஸ்களை ஒட்டிய பசை பிரிந்திருந்தால் ஓரத்தில் வானவில் நிறத்தையும் காணலாம். பசை பிரிந்ததை வீட்டில் சரிசெய்ய முடியாது. இந்த வறண்ட மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இங்கே தழைக்கத் துணைநின்ற அதே வறட்சி லென்ஸுக்கும் நல்லது. கடலோர ஊர்களிலிருந்து வரும் குழல்களில் பூசணம் இருக்கிறதா என்று இரட்டிப்புக் கவனத்தோடு பார்ப்பேன். சுத்தமாக வந்த லென்ஸ் இங்கே பல வருஷம் சுத்தமாகவே இருக்கும்.

எங்கள் வேலைக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது 'போல்' என்ற பொறிப்பு. உள்ளே அழுத்தமோ இறுக்கமோ இல்லாத கண்ணாடி என்பதற்கான வாக்குறுதி அது. பல கம்பெனிகள் அதைச் சிவப்பு எழுத்தில் போடுகின்றன, பச்சை எழுத்து ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டுக்கு உரியது. அந்த வாக்குறுதியைச் சோதிக்கச் செலவே இல்லை. இரண்டு போலரைசர்களையும் குறுக்காக வைத்து, ஸ்லைடு எதுவும் இல்லாமல் பாருங்கள். புலம் கரிய இருட்டாக இருக்க வேண்டும். பிறகு ஐபீசைக் கழற்றிவிட்டுக் குழாய் வழியே லென்ஸின் முதுகைப் பாருங்கள். உயர்ந்த என்.ஏ. உள்ள நல்ல லென்ஸிலும் அங்கே மங்கலாகக் கரிய சிலுவை தெரியும், அது குறையல்ல. சிலுவை கோணலாக இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத் திட்டு இருந்தாலோ, அந்தக் குழல் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது, அல்லது திறந்து தப்பாக இறுக்கப்பட்டிருக்கிறது. எழுத்து எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் படிகங்கள். பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு, குறுக்குப் போலரைசருக்கு நடுவே நிறம் நிறமாக ஒளிரும். கந்தகமும் பளிச்சென்று தெரியும். பேரியம் நைட்ரேட் கனசதுர வகைப் படிகம். மேடையை எப்படிச் சுழற்றினாலும் இருட்டோடு இருட்டாக மறைந்துபோகும். வெடியுப்பு என்று வந்த மூட்டையின் சிட்டிகையில் பாதித் துகள்கள் காணாமல் போனால், அங்கேயே வேலையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் அழுத்தம் உள்ள லென்ஸ் அந்த இருட்டுக்குள் தானாகவே வெளிச்சத்தைக் கசியவிடும். மறைய வேண்டிய துகளும் மங்கலாகத் தெரியும். சந்தேகம் வர வேண்டிய இடத்தில் வராது. இருண்டு போனதெல்லாம் பேரியமும் அல்ல. ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டும் கனசதுர வகைதான், சாப்பாட்டு உப்பும்கூட. அடுத்ததாகச் சுடர் பார்க்க வேண்டும்: பேரியத்துக்குப் பச்சை, ஸ்ட்ரான்ஷியத்துக்குச் செம்மை. அதற்கும் பிறகு முறையான ரசாயனச் சோதனை. மைக்ராஸ்கோப் தீர்ப்புச் சொல்வதில்லை, எங்கே தோண்ட வேண்டும் என்று சுட்டிக்காட்டும். அந்தச் சுட்டலாவது நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு சின்னக் குழலை இந்தப் பாடு படுத்துகிறேன்.

இந்தப் பழக்கம் ஆலைக்கு வெளியேயும் உதவுகிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் அலமாரி மைக்ராஸ்கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அம்பாலாவில் செய்தவை. உடம்பு நன்றாகவே இருக்கும். 10 மடங்கு லென்ஸ் தொலைந்திருக்கும், அல்லது எண்ணெய் காய்ந்து 100 மடங்கு குருடாகியிருக்கும். பழுது என்று எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றின் மறை அந்த 1858-ஆம் வருஷத்து மறைதான், குழாய் 160 மில்லிமீட்டர்தான். அதே மறையும் 160-உம் கொண்ட 10/0.25 எந்த நாட்டில் கழற்றியதானாலும் அதில் உட்காரும், தோளிலிருந்து பொருள் வரையான நீளம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். 36-க்கான லென்ஸ்களுக்கு நடுவே 45-க்கான ஒன்றை மாட்டிவிட்டால், பிள்ளைகள் டரெட்டைத் திருப்பும்போது அது ஸ்லைடில் போய் இடிக்கும். ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: மீதி இருக்கிற 40 மடங்கு லென்ஸைக் கழற்றி, தோளிலிருந்து நுனி வரை அளந்து, அந்த எண்ணை மைக்ராஸ்கோப்பின் பெட்டி மூடியில் எழுதி வையுங்கள். தேடலை அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.