வியட்நாம் போய் வந்த பேத்திக்கு ஆம்பூரைச் சுற்றிக் காட்டிய தாத்தா!

ஆம்பூரில் ஒரு வீட்டுத் திண்ணை. ஆறு நாள் வியட்நாம் டூர் முடித்துவிட்டு, சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள் 24 வயதுப் பேத்தி. செல்போனைத் தாத்தாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வீடியோக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வீடியோவில் கீரைத் தோட்டம். தலையில் கூம்புத் தொப்பியோடு பேத்தி நிற்கிறாள். தோளில் காவடி மாதிரி ஒரு கம்பு. அதன் இரண்டு முனையிலும் பூவாளி.

“இது ஹோய் ஆன் பக்கத்துல ட்ரா குவேன்னு ஒரு கிராமம் தாத்தா. 2024-ல ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள்ல ஒண்ணா தேர்ந்தெடுத்துச்சு. அங்க போனா நாமளே பாத்தி கட்டலாம், செடிக்குத் தண்ணி ஊத்தலாம்.”

“தண்ணி ஊத்தினதுக்கு உனக்குக் கூலி குடுத்தாங்களா பாப்பா?”

“இல்ல தாத்தா, நான்தான் டிக்கெட் வாங்கினேன்.”

தாத்தா சிரித்த சிரிப்பில் திண்ணையில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது.

அடுத்தடுத்து வீடியோக்கள் வந்தன. ஹனோய் அருகே மண்பாண்டம் செய்யும் பாட் சாங் கிராமம், பட்டு நெய்யும் வான் ஃபுக் கிராமம், பரிசல் மாதிரியே இருக்கும் மூங்கில் கூடைப் படகு. எல்லாவற்றையும் கைடு ஒருவர் வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டி, விளக்கம் சொல்லியிருக்கிறார்.

“எவ்வளவு அழகா வெச்சிருக்காங்க! நம்ம ஊர்ல என்ன தாத்தா இருக்கு? பிரியாணி மட்டும்தான்” என்றாள் பேத்தி.

தாத்தா பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது தன் மகளிடம் மட்டும் சொன்னார். “ஞாயித்துக்கிழமை இவளை எங்கியும் அனுப்பாத. நான் ஒரு டூர் கூட்டிகினு போறேன்.”

ஓடுகிற மாடும், தழும்பு உள்ள தோலும்

ஞாயிறு காலை ஆறு மணி. மாமாவின் பழைய காரைப் பேத்தி ஓட்ட, பக்கத்து இருக்கையில் வெள்ளை வேட்டியில் தாத்தா. தேசிய நெடுஞ்சாலையில் மாதனூர் வரை போய், அங்கே திரும்பிப் பாலாற்றைக் கடந்தால் குடியாத்தம் சாலை. பாலத்தில் பேத்தி வேகத்தைக் குறைத்தாள். “இதைக் கடைசியில பார்க்கலாம். ஓட்டு” என்றார் தாத்தா.

தை மாதம். சாலையோரத்தில் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்திருந்தது. “பூ, பொங்கல் காப்புக் கட்ட. பட்டை, எங்களுக்கு” என்றார். பேத்திக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை.

வழியில் ஒரு கிராமத்தில் எருது விடும் விழாவுக்காகத் தெருவின் இருபுறமும் சவுக்குக் கட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இங்கே யாரும் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிறதோ, அதற்குப் பரிசு. நொடியின் பகுதிகள் வரை கணக்கு வைப்பார்கள். கொம்பில் பெயின்ட், கழுத்தில் சலங்கை என்று கல்யாண மாப்பிள்ளைபோல நின்றது ஒரு காளை.

தாத்தா அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “இது ஏர் ஓட்டாத மாடு. ஓட்டியிருந்தா நுகத்தடி தழும்பு இருக்கும். முள்ளு கீறினது, சூடு போட்டது எதுவும் அழியாது. செத்த பிறகும் தோல்ல அப்படியே இருக்கும்.”

மாட்டுக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பேத்தி, “வா தாத்தா போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது

குடியாத்தம் லுங்கியைக் கட்டாத ஆள் இந்தப் பக்கத்தில் குறைவு. தாத்தா வாழ்நாள் முழுக்கக் கட்டியது அதைத்தான். ஆனால், அது தறியிலிருந்து இறங்கி வருவதைப் பேத்தி அன்றைக்குத்தான் பார்த்தாள். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த நெசவாளர் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, நாடா இடமும் வலமும் பறந்தது. கட்டத்துக்கு நிறம் மாறும்போதெல்லாம் நூலையும் மாற்ற வேண்டும். ஒரு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். “வீடியோ எடுத்துக்கலாமா அண்ணா?” என்று பேத்தி கேட்டதும், அவர் அவசரமாகச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டார்.

தீப்பெட்டித் தொழிலால் ‘குட்டி சிவகாசி’ என்றும் இந்த ஊரைச் சொல்வார்கள். ஆனால், வடாற்காட்டுக்காரர்களுக்குக் குடியாத்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கெங்கையம்மன் சிரசுத் திருவிழாதான். ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள், கௌண்டன்ய மகாநதிக் கரையோரம் இருக்கும் கோபாலபுரம் கோயிலுக்கு அம்மனின் சிரசு மட்டும் ஊர்வலமாக வரும். மாலை போடுபவர்களும் தேங்காய் உடைப்பவர்களுமாகச் சாலையே தெரியாது.

கோயில் வாசலில் நின்று தாத்தா கதை சொன்னார். தந்தையின் சொல்லுக்காகப் பரசுராமன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டுகிறான். கூடவே, அவளைக் காப்பாற்ற வந்த இன்னொரு பெண்ணின் தலையும் விழுகிறது. பிறகு தாயை உயிர்ப்பிக்க வரம் வாங்கி வந்தவன், அவசரத்தில் தலையை மாற்றி வைத்துவிடுகிறான். ரேணுகாவின் தலை, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்துப் பெண்ணின் உடலில் சேர்ந்துவிடுகிறது. இன்றைக்கும் ‘சண்டாளச்சி’ உடலில்தான் சிரசைப் பொருத்துகிறார்கள். அப்புறம்தான் கண் திறப்பு, தரிசனம் எல்லாம்.

“ஊரே கும்பிடுது. ஆனா அந்த உடம்பு யாரோடதுன்னு யாரும் பேச மாட்டாங்கோ” என்றார் தாத்தா. குரலில் கோபமில்லை. ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தொப்பியில் இருந்த தோல்

காட்பாடிப் பக்கம் கரிகிரி. இந்த ஊரின் பெயரே மண்பாண்டங்களால்தான் வெளியூர்களில் தெரியும். சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், பேத்தி வியட்நாமில் பானை வனைந்த கதையைப் பொறுமையாகக் கேட்டார். “பானை நின்னுச்சா?” என்றார். “கோணலா நின்னுச்சு” என்றாள். “முதல் வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான். உங்க வீட்டுல மண் பானை இருக்குதா?” என்று கேட்டார். பேத்திக்குச் சொல்ல பதில் இல்லை. வரும்போது காரின் பின்சீட்டில் வைக்கோல் சுற்றிய ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அகழி ஓரமாக நடந்தார்கள்.

“1806-ல இங்க சிப்பாய்ங்க கிளம்பினாங்களே, ஏன்?” என்று கேட்டார் தாத்தா.

“ஸ்கூல்ல படிச்சிருக்கேன். ஜூலை 10. நெத்தியில குறி வைக்கக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, புதுசா ஒரு தலைப்பாகை வைக்கணும்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டான்.”

“தலைப்பாகையில இன்னா இருந்துச்சு?”

பேத்தி யோசித்தாள். “தோல்ல செஞ்ச குஞ்சம்.”

“அது மிருகத்தோட தோல்னு இந்து, முஸ்லிம் ரெண்டு பேருக்குமே ஆகல. துப்பாக்கி எடுக்கற அளவுக்கு ஆகல. அந்தத் தோல்லதான் பாப்பா நம்ம வீட்டு உலை கொதிச்சுது.”

டூர் புத்தகத்தில் இல்லாத இடம்

திரும்பும் வழியில் பள்ளிகொண்டா பக்கம் முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கினார்கள். அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காம்பைப் பிடிக்கும்போது பேத்தியின் விரலில் முள் குத்தியது.

ஆம்பூருக்குள் நுழைந்ததும் தாத்தா ஆற்றுப் பக்கம் திருப்பச் சொன்னார். மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்தது பாலாறு. “என் சின்ன வயசுல இங்க கையால தோண்டினா ஊத்து வரும். அதைத்தான் வடிகட்டாம குடிச்சோம்.”

பாலாற்றுக்கு என்ன நடந்தது என்பது நீதிமன்ற ஆவணங்களிலேயே இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைகள் சூழ்ந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவானது. மாசு செய்தவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அது. 2025 ஜனவரியில், பாலாற்றைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

“இதைக் காட்டாம ஊரைக் காட்டினா அது பொய்” என்றார் தாத்தா. “சோறு போட்டதும் அதுதான், தண்ணியைக் கெடுத்ததும் அதுதான். ரெண்டையும் சொல்லணும்.”

கடைசி நிறுத்தம், மூடிக் கிடந்த ஒரு சின்ன டேனரி. பழக்கமான காவலாளி, “வா பெரியவரே” என்று கேட்டைத் திறந்துவிட்டார். தரையில் வரிசையாகச் சதுரக் குழிகள். பாதிக் குழிகளில் மண் மூடிச் செடி முளைத்திருந்தது.

தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். 17 வயதில் இங்கே வந்தவர். அன்றைக்கு முழுக்க அவர் இவ்வளவு பேசியதில்லை.

“உப்புப் போட்ட தோல் வரும். இந்தத் தொட்டியில ஊறப்போட்டு உப்பை எடுக்கணும். அப்புறம் இது, சுண்ணாம்புக் குழி. இதுல ஊறினா மயிர் கழண்டுகினு வரும். அதை வளைஞ்ச பலகை மேல விரிச்சு, ரெண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கத்தியால சதையை வழிக்கணும். கை கொஞ்சம் சாய்ஞ்சா தோல் கிழிஞ்சுடும், அன்னிக்குக் கூலி போச்சு. அதுக்கு அப்புறம்தான் ஆவாரம் பட்டைத் தண்ணி. வாரக் கணக்குல மாத்தி மாத்திப் போடுவோம். கடைசியில கடுக்காய்த் தண்ணி. அதுல போட்டு எடுத்தா தோல் பளிச்சுனு நிறம் குடுக்கும்.”

பட்டையில் பதனிட்ட இந்தத் தோல்தான் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் கப்பலேறியது. இன்றைக்கு அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. 1970-களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோலை முழுமையாக முடித்தும், ஷூவாகத் தைத்தும் அனுப்பும் தொழில் வளர்ந்தது. பட்டைக்குப் பதில் குரோம் ரசாயனமும், குழிக்குப் பதில் சுழலும் டிரம்மும் பரவலாயின. வாரக் கணக்கில் நடந்த வேலை நாள் கணக்கில் முடிந்தது.

பேத்தி தாத்தாவின் கைகளைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்ற நகங்கள். சின்ன வயதில் அவர் வேலை முடிந்து வந்ததும், குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவார். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

“தாத்தா, ஒண்ணு சொல்லட்டுமா? காலேஜ்ல பெங்களூரு டூர் போறப்ப ரயில் ஆம்பூரைத் தாண்டுச்சு. ‘நாத்தம் வருது, ஜன்னலைச் சாத்து’ன்னு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நானும் பொத்திக்கிட்டேன். இது என் ஊருன்னு சொல்லல.”

தாத்தா குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உங்கம்மாவைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப, அப்பா இன்னா தொழில்னு கேட்டாங்க. ‘கம்பெனி வேலை’ன்னு எழுதச் சொன்னேன். நானும்தான் சொல்லல பாப்பா.”

இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா சீரகச் சம்பா பிரியாணி தம் போட்டிருந்தாள். முள்ளுக் கத்திரிக்காய் தொக்கு ஆனது. ஷூ கம்பெனியில் 18 வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிற கை அது. சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தவள், மகள் கழற்றிப் போட்டிருந்த புது ஷூவை எடுத்துப் புரட்டினாள். தையலை விரலால் தடவினாள். நாக்குப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே ‘மேட் இன் வியட்நாம்’ என்று இருந்தது. காலணி ஏற்றுமதியில் உலகில் சீனாவுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்குத்தான்.

“தையல் நேரா இருக்கு. நல்லாத்தான் தைச்சிருக்கா” என்றாள் அம்மா. “இது தைக்கிற இடத்தையும் பார்த்தியா?”

பேத்தி செல்போனில் இருந்த வியட்நாம் வீடியோக்களை நினைத்துப் பார்த்தாள்.

“இல்லம்மா. அங்கெல்லாம் கூட்டிட்டுப் போகல.”

“நம்ம ஊருக்கு உன் ஃபிரெண்ட்ஸைக் கூட்டிகினு வந்தா டேனரியையும் காட்டுவியா?” என்று திண்ணையிலிருந்து கேட்டார் தாத்தா. “நாறும்னு சொல்லுவாங்கோ.”

“சொல்லட்டும் தாத்தா. வைகாசி ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி வரச் சொல்றேன். சிரசையும் பார்க்கலாம். ஆனா கைடு நீதான்.”

“கூலி எவ்வளவு தருவே?” என்றார் தாத்தா.